ஒதியமரத்திடம் பூக்கேட்டவள்

உன் வீட்டு ஒதியங்கழிகள் இரண்டும் என் சுவரோரம் துளிர்த்துவிட்டன. நான் மண்ணில் நடவில்லை, ஒரு சொம்பு தண்ணீர்கூடக் காட்டவில்லை. போன மாதம் உன் மகள் ஆவடியிலிருந்து ஆட்டோவில் போட்டு எடுத்துவந்தாள். "ஆன்ட்டி, மாடி எடுத்துக் கட்டுறோம். அம்மாவோட மரத்துல ரெண்டு கிளைய மட்டும் கழிக்க வேண்டியதாப் போச்சு. உங்க வேலிக்கு ஆகும்" என்று சாத்திவிட்டுப் போனாள். அப்படியே சாய்ந்து கிடந்தன. முந்தாநாள் ஒரு கோடை மழை வந்து திருநின்றவூர்ப் புழுதியை அடக்கிவிட்டுப் போனது. இன்று காலை பல் தேய்த்துக்கொண்டே போய்ப் பார்க்கிறேன், கழி நுனியில் செம்பழுப்பாக ஒரு கொத்துத் தளிர். வேரே இல்லாத கட்டைக்கு எங்கிருந்து வந்தது இந்தத் திமிர் என்று கேட்க வாயெடுத்தேன். கேட்பதற்கு நீ இல்லை.

நகத்தால் பட்டையைக் கீறினேன். கட்டையிலிருந்து லேசாக விட்டது. உள்ளேயிருந்து அந்த வாசனை வந்தது, மாம்பிசினும் ஈரச் சாக்கும் கலந்த மாதிரி. "மாமரத்துக்குச் சொந்தம்டி இது. பழம் குடுக்காட்டியும் வாசனை போவுமா?" என்பாய். விரலை மூக்கருகே வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். பல்பொடி நுரை புடவையில் வழிந்தது. நீ இல்லாத முதல் கோடை இது. ஐப்பசி மழையில் குடை பிடித்துக்கொண்டு உன்னைக் கல்லறையில் வைத்துவிட்டு வந்தோம். அதற்குப் பிறகு நான் ஒழுங்காக அழவே இல்லை. இன்று இந்தப் பாழாய்ப்போன கழியைப் பார்த்து அழுதேன்.

நமக்கு அப்போது இருபத்து சொச்சம் வயது. எண்பதுகளின் கடைசி. நகரத்துக் கல்லூரி ஒன்றின் தாவரவியல் துறையில், ஒரே ஆய்வுக்கூடத்தில், ஒரே மேசையின் இரண்டு பக்கம் நாம். நான் அம்பத்தூர், நீ ஆவடி. நான் புத்திசாலித்தனமாக நெல் நாற்றை எடுத்துக்கொண்டேன். தட்டில் வளரும், பத்து நாளில் பதில் சொல்லும். நீ போய் மரத்தைப் பிடித்துக்கொண்டாய்.

உன் கேள்வி கேட்க எளிமையாகத்தான் இருந்தது. மரம் வருடம் முழுக்கப் பருப்பதில்லை. சில மாதம் பருக்கிறது, சில மாதம் சும்மா நிற்கிறது. பட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் ஈரமாக ஒரு மெல்லிய உயிர்ப்படலம் இருக்கிறது. அதுதான் புதுக் கட்டையைக் கட்டுகிறது. அதை எழுப்புவது ஆக்சின் என்னும் வளர்ச்சி ஊக்கி. இளந்தளிரில் ஊறி, தண்டு வழியாகக் கீழே இறங்குகிறது. நம் ஊர் வெயிலிலும் மழையிலும் அது எந்த மாதம் ஏறுகிறது, எந்த மாதம் வற்றுகிறது? மரத்தை உறக்கத்திலிருந்து தட்டி எழுப்புவது வெயிலா, தண்ணீரா? இவ்வளவுதான் உனக்குத் தெரிய வேண்டும். இதற்காக ஒரு வருடம், மாதம் ஒரு முறை, ஒரே மரத்தின் பட்டையைக் கீறி எடுக்க வேண்டும் என்றாய்.

நம் வழிகாட்டிக்குத் தேக்கின் மேல் ஆசை. நீ ஒதியன் என்றதும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "ஒதி பெருத்தா உத்திரத்துக்கு ஆகுமாம்மா?" என்றார். நீ அசரவில்லை. "உத்திரம் வேணாம் சார். அது எப்பத் தூங்குது, எப்ப முழிக்குதுன்னு தெரிஞ்சாப் போதும். நாலு மாசம் ஒரு இலை இல்லாம நிக்கிற மரம் சார் அது. தூக்கத்தப் பாக்கணும்னா தூங்குறவங்ககிட்டதான போகணும்?" அவர் சிரித்துவிட்டார். அதற்கப்புறம் என்னைத்தான் நீ ஒதி என்று கூப்பிட ஆரம்பித்தாய். என் உயரமும் அகலமும் உனக்கு அப்படித் தோன்றின. போகட்டும்.

அண்ணனூர் ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒற்றையடிப் பாதையோரம் ஒரு ஒதியன். அங்கிருந்து கூப்பிடு தூரத்தில், முள்வேலிக்கு உள்ளே ஆள் போகாத புதரில் இன்னொன்று. பாதைமரம், வேலிமரம் என்று பெயர் வைத்தோம். மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை நமக்கு மதியத்துக்கு மேல் வகுப்பெடுக்கும் வேலை இல்லை. நான் அங்கே இறங்கிக்கொள்வேன். நீ நேராக ஆவடி போய், சந்தையில் மீன்கடைக்காரம்மாவிடம் கெஞ்சி பிளாஸ்க் நிறைய உடைத்த ஐஸ் வாங்கிக்கொண்டு, அடுத்த வண்டியில் திரும்பி வருவாய். கீறியெடுத்தது கெட்டுவிடாமல் இருக்க ஐஸ் வேண்டும். அந்த ஐஸில் வஞ்சிரத்தின் வாடை இருக்கும். கல்லூரிக்குத் திரும்பும் வண்டியில் நம் பக்கத்து இருக்கை எப்போதும் காலியாக இருந்ததன் காரணம் அதுதான்.

நீ வேலை செய்யும் அழகை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. சேறு ஒட்டும் என்று செருப்பைக் கழற்றி வைப்பாய். மரத்தடியில் முழங்கால் போடுவாய், உனக்கு மாதா கோயிலில் போட்டுப் பழக்கம். விரலகலத்துக்கு ஒரு சதுரம் பட்டையைப் பெயர்ப்பாய். நான் கேட்பேன், "விடுதா?" நீ சொல்வாய், "விடுது." உள்ளே வழவழப்பாக இருப்பதைச் சுரண்டி ஐஸில் போடுவாய். பிறகு காயத்துக்கு வைத்தியம். உன் அம்மா அரைத்துக் கொடுத்த மஞ்சளை அப்புவாய். ஒரு மெழுகுவத்தியைக் கொளுத்தி வேரருகில் நட்டு, உருகும் மெழுகைச் சொட்டுச் சொட்டாக விட்டு மூடுவாய். மேலே பழைய புடவைக் கிழிசலால் ஒரு கட்டு. எந்த மாதத்துச் சதுரம் எது என்று அடையாளம் தெரிய, பக்கத்தில் சிவப்பு பெயின்ட்டால் பொட்டு.

வெள்ளிக்கிழமை. வெறுங்கால். மண்டியிடுதல். மெழுகுவத்தி. மஞ்சள். சிவப்புப் பொட்டு. துணி முடிச்சு. ஊர் என்னதான் நினைக்கும்? எம்.எஸ்சி. படித்த இரண்டு மண்டைகளில் ஒன்றுக்குக்கூட அது உறைக்கவில்லை.

ஆடியில் தொடங்கினோம். மழைக்காலம் முழுக்கப் பட்டை பிசுக்கென்று விட்டது. மார்கழியில் இலை மஞ்சளாகிக் கொட்டியது. தையில் பட்டை கட்டையோடு கட்டிப்பிடித்துக்கொண்டு வர மறுத்தது. "விடுதா?" "விடலடி. தூங்கப் போயிடுச்சு" என்று குழந்தையைத் தூங்கப்போட்ட தாய் மாதிரி குரலைத் தாழ்த்திச் சொன்னாய்.

மரம் தூங்குகிறதா என்பதைக் கோதுமைதான் நமக்குச் சொல்ல வேண்டும். இருட்டறையில் கோதுமையை முளைக்கப்போட்டு, குருத்தைச் சின்னச் சின்னத் துண்டாக நறுக்கி, மரத்திலிருந்து இறக்கிய சாற்றில் மிதக்கவிடுவாய். சாற்றில் ஆக்சின் இருந்தால் துண்டு நீளும், இல்லாவிட்டால் போட்டபடி கிடக்கும். மங்கலான ஒரு விளக்கில் ஸ்கேலும் லென்ஸுமாகக் குனிந்து அளப்பாய். அளந்து முடித்து வெளியே வரும்போது கண்ணைச் சுருக்கிக்கொண்டு, யாரோ எழுப்பிவிட்ட பூனை போல இருப்பாய். மாசி வரைக்கும் கோதுமை நீ எதிர்பார்த்ததைத்தான் சொன்னது. இரண்டு மரமும் தூக்கம்.

மாசி வெள்ளியன்றுதான் முதலில் கவனித்தோம். நம் பெயின்ட் பொட்டுக்கு மேல் யாரோ நிஜக் குங்குமம் வைத்திருந்தார்கள். நம் புடவைக் கிழிசலுக்குக் கீழே, புத்தம் புதிதாக மஞ்சள் துணி ஒன்று. மெழுகுவத்தி நட்ட இடத்தில் நமக்குச் சம்பந்தமில்லாத நான்கைந்து மெழுகுவத்திக் குச்சங்கள், ஒரு அகல் வேறு. எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. "ஏய், உன் மரத்துக்குக் கும்பாபிஷேகம் ஆயிடுச்சுடி" என்றேன். நீயும் சிரித்தாய். ஆனாலும் குங்குமத்தின் மேல் கை படாமல் கத்தியை வைத்தாய்.

பங்குனியில் சிரிப்பு நின்றுவிட்டது. மொட்டையாக நிற்க வேண்டிய மாதம். பாதைமரத்தின் நுனிகளில் ஏதோ செக்கச்செவேலென்று தெரிந்தது, ஒதியன் இலையில்லாமல் பூக்கும் காலம் அது, அதனால் பூ என்று விட்டுவிட்டோம். இருட்டறைக்குப் போனால் வேலிமரத்துச் சாற்றில் கோதுமை அசையவில்லை. பாதைமரத்துச் சாற்றில் கிடுகிடுவென்று நீண்டிருந்தது. நீ மறுபடி செய்தாய். மறுபடியும் அதே. கண்ணாடிச் சாமான்களை எல்லாம் கழுவிக் காயவைத்து மீண்டும் செய்தாய். அதே. "என் கைதான்டி தப்பு. எங்கயோ கலந்துட்டேன்" என்று தொட்டிமேடை ஓரம் உட்கார்ந்து அழுதாய். நீ அழுது அதுவரை நான் பார்த்ததில்லை. எனக்கு என்ன செய்வதென்று தெரியாமல், கேன்டீனில் இரண்டு சமோசா வாங்கிவந்து இரண்டையும் உனக்கே கொடுத்தேன். என்னைப் பொறுத்தவரை அது பெரிய தியாகம்.

வழிகாட்டி கெட்டவர் அல்ல, அவசரக்காரர். "அந்த மரத்த விட்டுடும்மா. வேலிமரத்த மட்டும் வெச்சு எழுது. அழகா வருது" என்றார். நீ தலையைக் குனிந்தபடி சொன்னாய், "கேட்டோம் சார். அது ஏதோ சொல்லுது. எனக்குப் புரியலன்னு விட்டுட முடியாது." அவர் என்னைப் பார்த்தார், நீயாவது சொல்லேன் என்கிற மாதிரி. நான் கூரையைப் பார்த்தேன்.

அடுத்த நாள் விடிந்தும் விடியாமலும் முதல் வண்டியில் அண்ணனூரில் இறங்கினோம். நாம் எப்போதும் மதியத்தில்தானே போவோம், காலையில் அங்கே என்ன நடக்கிறதென்று ஒரு நாளும் பார்த்ததில்லை. பார்த்தோம். அடிபம்பிலிருந்து பாதைமரம் வரைக்கும் ஈரக்கோடு. குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு பெண்கள் ஒவ்வொருவராக வந்து, மரத்தடியில் ஊற்றி, கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார்கள். வெயில் ஏறும்போது எல்லாம் காய்ந்து, நாம் வரும் நேரத்துக்கு ஒரு சுவடும் இருக்காது. உச்சிக் கிளையில் நாம் பூ என்று நினைத்தது அத்தனையும் இலை.

நீ என் கையைப் பிடித்துக் கிள்ளினாய். "தண்ணிடி! வெயில் இல்ல, தண்ணி! ரெண்டு மரத்துக்கும் ஒரே வெயில்தான். இதுக்கு மட்டும் குடம் குடமா ஊத்துறாங்க, இது முழிச்சிக்கிச்சு!" கிள்ளிய இடம் ஒரு வாரம் நீலமாக இருந்தது. நேற்றுவரை தன் கையைத் திட்டிக்கொண்டிருந்தவள், நடுப்பாதையில் குதித்தாய்.

அங்கே மரத்தடியைப் பெருக்கிக்கொண்டிருந்தவள்தான் கன்னியம்மா. நீ பேச்சுக் கொடுத்தாய். எப்போதிலிருந்து ஊற்றுகிறீர்கள் என்று கேட்டாய். அவள் நம்மை அடையாளம் கண்டுகொண்டாள்.

"நீங்கதான மொதல்ல வந்தது? வெள்ளிக்கெயம வெள்ளிக்கெயம மெய்வத்தி ஏத்திகினு? உங்களப் பாத்துதான் எங்க தெருவே கும்புட ஆரம்பிச்சிது. எங்க ஊட்டுக்காரரு சாரத்துலேர்ந்து வியுந்து இடுப்பு போயி படுத்த படுக்கையா கெடந்தாரு. தை முடிஞ்சி ஒரு கொடம் ஊத்தி வேண்டிக்கினேன். இப்ப எயுந்து உக்காராரு, செவுத்தப் புடிச்சினு நிக்கிறாரு. எல்லாம் இந்த அம்மா செஞ்சது."

"எந்த அம்மா?" என்று நான் கேட்டேன். எனக்கு வாய் சும்மா இருக்காது.

"அது ஒரு பஞ்சாயத்து கீது. மெய்வத்தி கீறதால மாதான்றாங்க சர்ச் பக்கத்து ஊட்டுக்காரங்க. மஞ்சத்துணி கீறதால மாரியாத்தான்றோம் நாங்க. அம்மான்னு சொன்னா ரெண்டு பேருக்கும் ஆச்சில்ல?"

நீ தை என்பதை மட்டும் பிடித்துக்கொண்டாய். யார் யார், எத்தனை குடம், விடாமல் தினமுமா என்று கேட்டுக்கேட்டு மனதில் ஏற்றிக்கொண்டாய். கீறுகிற கதையை அன்று நீயும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

இனி ஒன்றே ஒன்றுதான் பாக்கி. கோடை மழை பெய்து வேலிமரமும் விழித்த பிறகு, இரண்டு மரத்தையும் ஒரே நாளில் கீறிப் பார்க்க வேண்டும். அப்போது இரண்டும் சமமாக இருந்தால், பங்குனியில் இருந்த வித்தியாசம் குடத்துத் தண்ணீரால் வந்தது என்று அடித்துச் சொல்லலாம். இல்லாவிட்டால், அந்த மரத்துக்கே பிறவியில் அப்படியொரு குணம் என்று யாரும் சொல்லிவிடலாம், உன் ஒரு வருட உழைப்பு அந்தரத்தில் தொங்கும். இன்னொரு வருடம் காத்திருக்கவும் முடியாது. உதவித்தொகை ஆடியோடு முடிகிறது. உன் அப்பா ஓய்வுபெறப் போகிறார். அதற்குப் பிறகு நீ வேலைக்குப் போயாக வேண்டும்.

வைகாசியில் மழை வந்தது. கீறுவதற்கு நாம் அந்த ஒருமுறை மதியத்துக்குக் காத்திராமல் காலையிலேயே ஓடினோம். நீ செருப்பைக் கழற்றினாய், முழங்கால் போட்டாய், பையிலிருந்து கத்தியை எடுத்தாய். பின்னாலிருந்து ஒரு குடம் தரையில் விழும் சத்தம் கேட்டது.

"இன்னாம்மா பண்ற? அம்மா மேல கத்தி வெக்கிறியா?"

கன்னியம்மா வந்து மரத்துக்கும் உனக்கும் நடுவில் நின்றுவிட்டாள். நீ எழுந்தாய். ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னாய். ஆய்வு, ஆக்சின், கோதுமை, பெயின்ட், மெழுகு, எல்லாம். அவள் முழுக்கக் கேட்டாள். முடித்ததும் சொன்னாள், "செரி. உனக்கு அது பெயின்ட்டு. நீ வெச்சிட்டுப் போயிட்ட. நாங்கதான கும்புட்டோம்? இப்ப நீ கீறி, அவரு மறுபடி வியுந்துட்டா நான் யாராண்ட போயி நிப்பேன்?"

நான் பொங்கிவிட்டேன். பொறுமை என்பது எனக்குப் பிறந்த வீட்டிலும் இல்லை, புகுந்த வீட்டிலும் இல்லை. "இத்தன மாசமாக் கீறினதுக்கு ஒண்ணும் ஆகலையே? இவளால ஆரம்பிச்ச சாமி, இவளுக்கு ஒரு துண்டு குடுக்காதா?" என்று கத்தினேன். நீ என் தோளைத் தொட்டு நிறுத்தினாய். அவளைப் பார்த்து, "அப்ப நான் யாரக் கேக்கணும்?" என்றாய்.

"அம்மாவக் கேளு. பூக்கட்டிப் பாத்துடலாம். வெள்ள வந்தா கீறிக்கோ. செவப்பு வந்தா உட்டுடு."

நீ சரி என்றாய். ஆவடிக் கத்தோலிக்கப் பெண், ஆராய்ச்சி மாணவி, பூக்கட்டிப் பார்க்கச் சரி என்றாய்! பக்கத்து வேலியில் நந்தியாவட்டை ஒன்று, செம்பருத்தி ஒன்று பறித்தார்கள். பூவரசிலையில் தனித்தனியாகச் சுருட்டி, நார் கட்டி, குலுக்கி மரத்தடியில் வைத்தார்கள். எடுப்பது யார் என்று பேச்சு வந்தது. அதற்குள் எதிர்க் குடிசையிலிருந்து கன்னியம்மாவின் வீட்டுக்காரர் சுவரை விட்டுவிட்டு, ஒரு கழியை ஊன்றிக்கொண்டு வந்தார். வாசல் தாண்டி அவர் நடப்பது அதுதான் முதல் தடவையாம். தெருவே ஒதுங்கி வழிவிட்டது.

"நானே எடுக்கறேன். என்னாலதான இந்தப் பஞ்சாயத்து" என்றார். பிறகு உன்னிடம் குரலைத் தாழ்த்தி, "எனுக்கு மாவுக்கட்டு போட்ட டாக்டரும்தாம்மா நல்லாப் பாத்துகினாரு. அவருக்கு ஒரு கொடம் ஊத்துனாளான்னு கேளு" என்றார். நீ அந்த நிலையிலும் சிரித்தாய். அவர் உனக்கு வெள்ளை வரவேண்டும் என்றுதான் நினைத்தார், எனக்கு நிச்சயமாகத் தெரியும். இரண்டு பொட்டலத்தின் மேலும் கையைக் கொண்டுபோய்க் கொண்டுபோய் எடுத்தார். குனிய முடியாமல் குனிந்து, ஒன்றை எடுத்துப் பிரித்தார்.

செம்பருத்தி.

"மன்னிச்சிடும்மா" என்றார். கன்னியம்மாவுக்கும் ஜெயித்த முகம் இல்லை. நீ கத்தியை மடித்துப் பையில் போட்டாய். செருப்பை மாட்டிக்கொண்டாய். முள்ளைத் தாண்டிப் போய் வேலிமரத்தை மட்டும் கீறினாய். "விடுதா?" என்று நான் கேட்கவில்லை. நீயாகவே, "விடுது" என்றாய்.

வண்டியில் நான் உன்னைத் திட்டித் தீர்த்தேன். நாளைக்கு மதியம் வரலாம், ஒரு ஈ காக்கா இருக்காது, ஒரு நிமிஷ வேலை, யாருக்குத் தெரியப்போகிறது என்றேன். அம்பத்தூர் வரும்வரை நீ பிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாய். நான் வீட்டுக்குப் போக இறங்க எழுந்தபோதுதான் பேசினாய்.

"நாம அவங்ககிட்ட சொன்னோமா, கேட்டோமா?"

"கேட்டோம்."

"கேட்டுட்டு மீறினா, அது கேட்டதே இல்லடி."

எனக்கு வந்த கோபத்தில் டாட்டா கூடக் காட்டாமல் இறங்கிவிட்டேன். வண்டி நகரும்போது பார்த்தால் நீ ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்து அழுதுகொண்டிருந்தாய். முடிவெடுத்த பிறகு அழும் ஜாதி நீ. நானோ அழுது முடித்துவிட்டு முடிவெடுப்பவள்.

அதற்கடுத்த வாரம் ஒரு காற்றுமழை. இரண்டு நாள் கழித்து கன்னியம்மா விசாரித்து விசாரித்து உன் வீட்டுக்கே வந்துவிட்டாள், தோளில் ஒரு ஒதியங்கிளையோடு. "நீ கேட்ட. அம்மா கீறக் கூடாதுன்னுட்டா. இப்ப தானா ஒட்ச்சி குடுத்துக்கீறா, வாங்கிக்க" என்றாளாம். முறிந்து இரண்டு நாள் வெயிலில் கிடந்த கிளை. ஆய்வுக்கு அது அடுப்புக்குத்தான் ஆகும் என்று உனக்குத் தெரியும். அவளிடம் நீ அதைச் சொல்லவில்லை. காபி கொடுத்து, இரண்டு கையாலும் வாங்கி, அவள் பார்க்கப் பார்க்கவே வீட்டுக்குப் பின்னால் நட்டாய்.

ஆய்வேட்டு அட்டவணையில் பாதைமரம், வைகாசி என்ற கட்டம் வெறுமையாகவே போனது. வாய்மொழித் தேர்வன்று வெளியூர்ப் பேராசிரியர் நேராக அந்தக் கட்டத்தில் விரலை வைத்தார். நான் பின் வரிசையில் புடவைத் தலைப்பைக் கடித்துக்கொண்டிருந்தேன். நீ பூ முதல் குடம் வரை எல்லாவற்றையும் சொன்னாய். யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "மறுநாள் ஆளில்லாதபோது போய் எடுத்திருக்கலாமே?" என்றார். நான் கேட்ட அதே கேள்வி. நீயும் அதே பதிலைத்தான் சொன்னாய், கொஞ்சம் மரியாதை சேர்த்து. அவர் ஏட்டை மெல்ல மூடினார். "அப்படியானால் மற்ற கட்டங்களில் உள்ள எண்களை நான் சந்தேகப்பட வேண்டியதில்லை" என்றார். பிறகு தண்ணீரைப் பற்றியும் பங்குனியைப் பற்றியும் வெகுநேரம் பேசினார். வேறொரு ஊரில் வேறொருவர் பத்து ஒதியனுக்குத் தண்ணீர் ஊற்றியும் ஊற்றாமலும் செய்து பார்க்க வேண்டிய வேலை இது, வழியை நீங்கள் காட்டிவிட்டீர்கள் என்றார். வெளியே வந்ததும் சமோசா வாங்கினாய். இரண்டையும் எனக்கே கொடுத்தாய்.

அதன் பிறகு எவ்வளவோ வருடம். உனக்கு ஒரு கல்லூரி, எனக்கு ஒரு பள்ளிக்கூடம், கல்யாணம், பிள்ளைகள். ஆவடி வீட்டில் உன் கிளை மரமாகி, கூரை உயரத்தைத் தாண்டியது. தொண்ணூறுகளில் ஒவ்வொரு பங்குனியிலும் நான் வருவேன், நீ அதற்கு வேண்டுமென்றே தண்ணீர் ஊற்றாமல் மொட்டையாக நிற்கவிட்டு, "தூங்குதுடி, மெதுவாப் பேசு" என்பாய்.

போன புரட்டாசியில், புற்றுநோய்க்கு மறுபடி மருந்து ஏற்றிப் பார்க்கலாம் என்றார் டாக்டர். நீ வேண்டாம் என்றுவிட்டாய். உன் மகள் என்னிடம் ஓடிவந்தாள். "ஆன்ட்டி, நீங்க சொன்னா கேப்பாங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். வழியெல்லாம் என்ன பேச வேண்டும் என்று தயார் செய்துகொண்டு வந்தேன். பேத்தியைச் சொல்ல வேண்டும், என்னைச் சொல்ல வேண்டும், கெஞ்ச வேண்டும், தேவைப்பட்டால் திட்ட வேண்டும். உன் கட்டிலில் உட்கார்ந்து, "இன்னொரு தடவ ஏத்திக்கலாமாடி?" என்றேன்.

நீ என்னையே பார்த்தாய். அந்தப் பழைய குறும்பு முகத்தில் வந்தது. "ஒதி, நீ கேக்கறியா, சொல்றியா?"

சொல்கிறேன் என்று சொல்ல வாய் வந்ததடி. உன் முகத்தைப் பார்த்த பிறகு முடியவில்லை.

"கேக்கறேன்" என்றேன்.

"அப்ப வேணாம்."

தயார் செய்து வைத்திருந்த ஒரு வார்த்தையையும் நான் பேசவில்லை. உன் உள்ளங்கையைத் தடவிக்கொண்டிருந்தேன். வெளியே உன் மகள் என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். அவளுக்கு என் மேல் கோபம் இருந்தது, இப்போது இல்லை. எனக்கு உன் மேல் இருந்த கோபம் இன்னும் போகவில்லை. அன்பும் அப்படியேதான் இருக்கிறது, இரண்டையும் பிரித்துவைக்கத் தெரியவில்லை எனக்கு.

என் வீட்டில் இப்போது நான் யாரையாவது ஏதாவது கேட்டால், பதில் வரும்வரை பேசாமல் நிற்கிறேன். பிடிக்காத பதில் வந்தாலும் விழுங்கிக்கொள்கிறேன். "அம்மாவுக்கு என்ன ஆச்சு?" என்கிறான் என் மகன். உன்னால் ஆனது என்று நான் சொல்லவில்லை.

இந்த மடலை எழுத ஆரம்பித்து ஒரு வாரம் ஆகிவிட்டது. கழிகளை வேலிக்குக் கொடுக்க மனம் வரவில்லை, இரண்டையும் முன்வாசலில் நட்டு, தினமும் காலையில் ஒரு குடம் ஊற்றினேன். நேற்று எதிர்வீட்டுப் பெண் கோலமாவுக் கிண்ணத்தோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். புதிதாகக் குடிவந்தவள், வீட்டுக்காரருக்கு அம்பத்தூரில் வேலை போய்விட்டதாம்.

"இன்னா ஆன்ட்டி, தெனிக்கும் கட்டைக்குப் போயி தண்ணி ஊத்தினு கீறீங்க? எதனா வேண்டுதலா?"

இல்லையென்று சொல்ல நினைத்து, ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

இன்று காலை கதவைத் திறந்தால், எனக்கு முன்னாலேயே யாரோ தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். பெரிய கழியில், தளிருக்குக் கீழே, ஒரு குங்குமப் பொட்டு. பெயின்ட் இல்லை, நிஜக் குங்குமம். இனிமேல் இதில் ஒரு கிளையைக் கழிக்க வேண்டுமென்றாலும் நான் அவளைக் கேட்டாக வேண்டும். சிரிக்காதே.